கோடை வந்தால் காப் எகிறுகிறது: ஏகேடி எமல்ஷனில் எங்கே கைவைப்பது?

உடுமலை_கிராஃப்ட்

வணக்கம். பழைய அட்டைப்பெட்டிகளைக் கூழாக்கிக் கிராஃப்ட் தாள் ஓட்டும் ஒரு மில்லில் லேப் பார்க்கிறேன். 120 முதல் 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு கிராம் எடை) வரை ஓடும். தாள் தண்ணீர் குடிக்காமலிருக்க ஏகேடி (அல்கைல் கீட்டீன் டைமர்) எமல்ஷன், அதாவது தண்ணீரில் நுண்துகளாகக் கலந்த பால்மம், சேர்க்கிறோம். 15 சதவீதம் ஏகேடி உள்ள சரக்கு, 200 கிலோ பீப்பாயில் வருகிறது.

மார்கழி, தையில் 60 நொடிக் காப் சோதனையில் (தாள் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்ற அளவு) எண் முப்பதுக்குள் நிற்கும். பங்குனி பிறந்தால் அதே டோஸில் 45, 50 என்று ஏறும். சித்திரையில் சில ரீல் 70-ஐத் தொட்டுவிடுகிறது. சப்ளையர் சொல்வது ஒன்றே ஒன்று: டோஸைக் கூட்டுங்கள். கூட்டினால் காப் கொஞ்சம் இறங்கும். அப்புறம் பிரஸ் ரோலில் வெள்ளைப் பிசுக்கு ஏறும், டிரையரில் புள்ளி புள்ளியாகப் படியும், ஷீட் அறும். செலவும் போகிறது, தாளும் தேறவில்லை.

எமல்ஷனையே நல்லதாக்க முடியுமா? துகள் அளவு, ஸ்டார்ச், சேமிப்பு, இதில் எது முக்கியம்? பேசாமல் ஏஎஸ்ஏ என்ற இன்னொரு நீர்த்தடுப்பு ரசாயனத்துக்கு மாறிவிடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

அச்சுமேடை_சிவகாசி

நாங்கள் இந்தத் தாளை வாங்கிப் பெட்டி போடுகிறவர்கள். காப் என்றால் எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: எண் பெரிதானால் மழைக்காலத்தில் பெட்டி தொய்யும். ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. காப் மிகவும் குறைந்துபோன தாளில் கொருகேஷன் பசை உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும், ஃப்ளூட் (நடுவிலுள்ள நெளி அடுக்கு) பிரிந்துவிடும். அதனால் எங்களுக்குக் குறைந்த எண்ணைவிட ஒரே சீரான எண்தான் வேண்டும். ஒரு ரீல் 28, அடுத்தது 60 என்று வந்தால் மெஷினை எதற்கு செட் செய்வது?

கூழ்_சீனியர்

அச்சுமேடை சொன்னதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. இலக்கு சீரான எண்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காகக் காப் பற்றி இரண்டு வரி. 100 சதுர சென்டிமீட்டர் வளையத்துக்குள் தாளை இறுக்கி, 100 மில்லி தண்ணீர் ஊற்றி, 45 நொடியில் கொட்டிவிட்டு, 60-ஆவது நொடியில் ஒற்றுத்தாள் வைத்து 10 கிலோ உருளையை ஒருமுறை முன்னும் பின்னும் உருட்டி எடை பார்க்கிறோம். ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் தண்ணீர் ஏறியது என்பதுதான் அந்த எண். உருளையைக் கையால் அழுத்தினாலே எண் மாறும். மூன்று ஷிஃப்டிலும் ஒரே மாதிரிதான் செய்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

இனி உங்கள் கேள்வி. எமல்ஷனைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் ஒரு சின்ன சோதனை. காப் கெட்டுப்போன ரீலிலிருந்து இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒன்றை அப்படியே சோதியுங்கள். இன்னொன்றை 105 டிகிரி அடுப்பில் 10 நிமிடம் வைத்து, ஆறவிட்டு, பிறகு சோதியுங்கள். சூடுகாட்டியதில் காப் நன்றாக இறங்கினால் தாளுக்குள் உயிருள்ள ஏகேடி இருக்கிறது, அதற்குப் பரவவும் பிடிக்கவும் நேரம் போதவில்லை என்று பொருள். இறங்கவே இல்லை என்றால் தாளுக்குள் ஏகேடியே போதுமான அளவு இல்லை, அல்லது வந்து சேர்வதற்கு முன்பே செத்துவிட்டது. முதல் வகைக்கு மருந்து டிரையரிலும் புரொமோட்டரிலும் (ஏகேடியை வேகமாகப் பிடிக்கவைக்கும் சேர்மானம்). இரண்டாவதற்கு மருந்து எமல்ஷனிலும் ரிட்டென்ஷனிலும், அதாவது போட்ட ஏகேடி தண்ணீரோடு போகாமல் தாளில் தங்குவதிலும். இதைப் பிரித்துப் பார்க்காமல் டோஸை ஏற்றுவது வீண் செலவு.

எமல்ஷன்_ரசாயனி

சீனியர் சார் சொன்ன சோதனை மிகச் சரி. நான் எமல்ஷன் தயாரிக்கும் பக்கம் வேலை பார்த்தவன், அதனால் பீப்பாய்க்குள் நடப்பதைச் சொல்கிறேன்.

ஏகேடி ஒரு மெழுகு. ஸ்டியரிக், பால்மிடிக் அமிலங்களிலிருந்து செய்வது, உருகுநிலை 50 டிகிரியை ஒட்டி. இதை 75-80 டிகிரியில் உருக்கி, வேகவைத்த கேட்டயானிக் (நேர் மின்னேற்றமுள்ள) ஸ்டார்ச்சும், துகள்களைப் பிரித்து வைக்கக் கொஞ்சம் லிக்னோசல்ஃபோனேட்டும் உள்ள சுடுநீரில் கலந்து, ஹோமோஜினைசரில் 200 பார் அளவு அழுத்தத்தில் இடுக்கு வழியாகத் தள்ளுவார்கள். வெளியே வரும்போது துகள் ஒரு மைக்ரானுக்கும் கீழே இருக்கும். அந்த நொடியில் அது இன்னும் திரவத் துளி. ஒன்றோடொன்று மோதினால் சேர்ந்து பெரிதாகும். அதனால் உடனே பிளேட் எக்ஸ்சேஞ்சரில் (வெப்பமாற்றியில்) 30 டிகிரிக்குக் கீழே இறக்க வேண்டும். மெதுவாக ஆறினால் பெரிய துளிகள், கட்டிகள். நம்மூர் கோடையில் கூலிங் டவர் தண்ணீரே 32, 33 டிகிரியில் இருக்கும். சில்லர் இல்லாத தயாரிப்பாளரின் சரக்கு சித்திரையில் வேறு, மார்கழியில் வேறு. பெயர்ப்பலகை ஒன்றுதான்.

அடுத்தது நீராற்பகுப்பு. ஏகேடி தண்ணீரோடு வினைபுரிந்தால் பீட்டா கீட்டோ அமிலமாகி, அது உடனே கார்பன் டை ஆக்ஸைடை விட்டுவிட்டு வெறும் கீட்டோனாக நின்றுவிடும். இந்தக் கீட்டோனுக்குத் தாளைக் காப்பாற்றும் வேலை தெரியாது. பிசுக்காகப் படிய மட்டும் தெரியும். எமல்ஷனின் பிஎச் 3 முதல் 4 வரை வைப்பதே இந்த வினையை மெதுவாக்கத்தான். ஆனால் வெப்பம் ஏறினால் அந்தக் காவல் போதாது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் 200 கிலோ பீப்பாயில் 30 கிலோ ஏகேடி. மூலக்கூறு எடை ஏறக்குறைய 520 என்று வைத்தால் சுமார் 58 மோல். அதில் 5 சதவீதம் கெட்டால் 2.9 மோல் வாயு. 30 டிகிரியில் அது சுமார் 70 லிட்டர்! கொஞ்சம் தண்ணீரில் கரையும், மீதி மூடியைத் தள்ளும். உங்கள் பீப்பாய் வயிறு உப்பி வந்திருக்கிறதா? மூடியைத் திறக்கும்போது உஸ்ஸென்று சத்தம் கேட்கிறதா? கேட்டால் அந்தச் சரக்கின் ஒரு பகுதி ஏற்கெனவே போய்விட்டது. சப்ளையரிடம் பேச அதுவே போதும்.

உடுமலை_கிராஃப்ட்

உப்பித்தான் வருகிறது சார். காற்றுப்போக்கி மூடி உள்ள பீப்பாயில்கூடத் திறந்தால் சத்தம் வரும். எங்கள் கிடங்குக்குத் தகரக் கூரை. மதியம் உள்ளே நிற்க முடியாது. அடுப்புச் சோதனையை நாளையே செய்துவிட்டு வருகிறேன்.

நீர்க்கணக்கு

பீப்பாயை மட்டும் பார்க்காதீர்கள் தம்பி. பேக் வாட்டரை, அதாவது தாளிலிருந்து வடிந்து திரும்ப ஓடும் தண்ணீரைப் பாருங்கள்.

பழைய அட்டையை மூலப்பொருளாக எடுத்து, தண்ணீரையும் ஏறக்குறைய முழுதாகத் திருப்பி ஓட்டும் மில்களில் கோடையில் நடப்பது தனிக் கதை. பழைய பெட்டியில் ஏற்கெனவே ஸ்டார்ச் இருக்கிறது. அது கரைந்து தண்ணீரில் வருகிறது. தண்ணீர் 40, 45 டிகிரி. காற்றுப் படாத செஸ்ட் (கூழ்த்தொட்டி) மூலைகளில் பாக்டீரியா அந்த ஸ்டார்ச்சைத் தின்று அசிட்டிக், பியூட்டிரிக் போன்ற அமிலங்களைக் கக்கும். அந்தப் புளித்த நாற்றம் உங்கள் மில்லிலும் பங்குனியில் ஆரம்பிக்கும் என்று நினைக்கிறேன். இந்த அமிலம் கூழில் இருக்கும் கால்சியம் கார்பனேட்டைக் கரைக்கும். பிஎச் மீட்டரில் பெரிய மாற்றம் தெரியாது, ஏனென்றால் கார்பனேட் அமிலத்தைத் தின்றுவிடுகிறது. ஆனால் கரைந்த கால்சியமும் கண்டக்டிவிட்டியும் (மின்கடத்துதிறன்) ஏறிக்கொண்டே போகும்.

இதனால் எமல்ஷனுக்கு என்ன? ஏகேடி துகள் நாரில் ஒட்டுவது மின்னேற்றத்தால். துகள் மேல் கேட்டயானிக் ஸ்டார்ச்சின் நேர் மின்னேற்றம், நாரின் மேல் எதிர் மின்னேற்றம். தண்ணீரில் உப்பு மிகுந்தால் இந்த ஈர்ப்பின் வீச்சு சுருங்கிவிடும். அத்துடன் சிதைந்த ஸ்டார்ச், லிக்னின் துணுக்கு, பழைய மை, பசை எல்லாம் எதிர் மின்னேற்றக் குப்பையாகத் தண்ணீரில் மிதந்து, நாருக்கு முன்னால் ஏகேடியைப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு நல்ல எமல்ஷன் வாங்கிப் போட்டாலும் இந்தத் தண்ணீரில் அது தோற்கும்.

கேட்டயானிக் டிமாண்ட் (இந்த எதிர் மின்னேற்றக் குப்பையின் அளவு) அளக்கும் கருவி இல்லையென்றால் கண்டக்டிவிட்டி, கரைந்த கால்சியம், பேக் வாட்டர் வெப்பம் மூன்றையும் தினமும் எழுதி வையுங்கள். காப் எண்ணை அதன் பக்கத்தில் எழுதுங்கள்.

கூழ்_சீனியர்

நீர்க்கணக்கு அக்கா சொன்னதுதான் என் கட்சியும். பத்தில் எட்டு மில்லில் குற்றம் ரிட்டென்ஷனில்தான் இருக்கும், எமல்ஷனில் இல்லை. வயரில் (தாள் உருவாகும் வலையில்) முதல் சுற்றிலேயே பிடிக்காத ஏகேடி, பேக் வாட்டரோடு திரும்பி வரும். அந்தத் தண்ணீர் பிஎச் 7-க்கு மேலே, 45 டிகிரி. அங்கே பீப்பாயின் அமிலக் காவல் கிடையாது. சுற்றிச் சுற்றி வந்து கீட்டோனாகி, கடைசியில் ஃபெல்ட்டிலும் ரோலிலும் உட்காரும். டோஸைக் கூட்டினால் பிசுக்கு கூடுவதற்கு இதுதான் காரணம்.

எமல்ஷன்_ரசாயனி

ரிட்டென்ஷனை மறுக்கவில்லை சார். ஆனால் எமல்ஷனின் தரமே ரிட்டென்ஷனைத் தீர்மானிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பதால்தான் சப்ளையரும் மில்லும் ஒருவரை ஒருவர் கைகாட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

துகள் அளவை எடுத்துக்கொள்வோம். "எவ்வளவு நுண்மையோ அவ்வளவு நல்லது" என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை. துகளின் விட்டம் பாதியானால் அது மேலே ஏடு கட்டும் வேகம் நான்கில் ஒரு பங்காகும். அதனால் பீப்பாயில் நிலைத்து நிற்கும். தாளில் பரவுவதும் எளிது. ஆனால் ஒரு கிலோ ஏகேடியை ஒரு மைக்ரான் துகளாக்கினால் அதன் மொத்தப் பரப்பு சுமார் 6,500 சதுர மீட்டர். அரை மைக்ரானாக்கினால் 13,000. அத்தனை பரப்பும் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அதைப் போர்த்த அதிக ஸ்டார்ச் வேண்டும். போர்வை போதாவிட்டால் வேகமாகக் கெடும். மேலும், மிக நுண்ணிய துகளை வயர் இயந்திர ரீதியாகப் பிடிக்காது. மின்னேற்றம் மட்டுமே அதைப் பிடிக்க வேண்டும். அக்கா சொன்ன உப்புத் தண்ணீரில் அதுவும் தளர்ந்துபோகிறது.

அதனால் நான் பார்ப்பது சராசரியை அல்ல, வாலை, அதாவது அளவில் பெரிய துகள்களை. சராசரி 0.8 மைக்ரான் என்று சான்றிதழில் போட்டிருக்கும். அதில் 3, 4 மைக்ரான் துகள்கள் கொஞ்சம் இருந்தாலே எடையில் அவைதான் பெரும் பங்கு. ஒரு 4 மைக்ரான் துகளில் 0.8 மைக்ரான் துகள்கள் 125-க்கு உரிய மெழுகு இருக்கிறது! அது ஓர் இடத்தில் குவிந்து உட்காரும். 125 இடம் வெறுமையாக நிற்கும். சப்ளையரிடம் டி50 (பாதி சரக்கு எந்த அளவுக்குக் கீழே) மட்டும் கேட்காதீர்கள், டி90 (90 சதவீதம் எந்த அளவுக்குக் கீழே) கேளுங்கள். பீப்பாய் வந்த அன்றும், பாதி தீர்ந்த பின்பும் ஒரு துளியை 500 மடங்கு தண்ணீரில் கலந்து மைக்ராஸ்கோப்பில் 400 மடங்கில் பாருங்கள். லேசர் கருவி தேவையில்லை. துகள்கள் நடுங்கிக்கொண்டே இருந்தால் நல்லது. கொத்துக் கொத்தாக அசையாமல் கிடந்தால் கெட்டுவிட்டது.

இன்னொன்று சர்ஃபாக்டன்ட். சில தயாரிப்பாளர்கள் மலிவாக நுண்துகள் எடுக்க நனைப்பான் சேர்த்துவிடுவார்கள். மைக்ராஸ்கோப்பில் அழகாகத் தெரியும், அலமாரியில் பல வாரம் நிற்கும், தாளில் வந்ததும் தண்ணீரை அதுவே உள்ளே இழுக்கும். தண்ணீரைத் தடுக்கும் பொருளோடு தண்ணீரை அழைக்கும் பொருளையும் தாளுக்குள் அனுப்புகிறோம்! பாலிமர் போர்வையால் நிலைத்து நிற்கும் எமல்ஷனே எப்போதும் மேல்.

உடுமலை_கிராஃப்ட்

அடுப்புச் சோதனை செய்தாயிற்று. காப் 62 இருந்த ரீல், சூடுகாட்டிய பின் 51. இன்னொரு ரீல் 48 இருந்தது 33-க்கு வந்தது. ரீலுக்கு ரீல் வேறு மாதிரி வருகிறதே, இதை எப்படி எடுத்துக்கொள்வது?

கூழ்_சீனியர்

அப்படித்தான் வரும். இரண்டாவது ரீலில் ஏகேடி இருக்கிறது, நேரம் போதவில்லை. முதல் ரீலில் போதுமான ஏகேடி இல்லை, அல்லது செத்த ஏகேடி இருக்கிறது. அந்த இரண்டு ரீலும் ஓடிய நேரத்தில் எந்தப் பீப்பாய் திறந்திருந்தது, பேக் வாட்டர் எப்படி இருந்தது என்று லாக்கைப் பாருங்கள். பிசுக்கைச் சுரண்டி எடுத்து ஹாட் பிளேட்டில் வைத்துப் பார்த்தீர்களா?

எமல்ஷன்_ரசாயனி

ஆமாம், நல்ல யோசனை. நன்றாகக் காய்ந்த பிசுக்கை மெதுவாகச் சூடாக்குங்கள். 50 டிகிரியை ஒட்டி உருகினால் கெடாத ஏகேடி, அதாவது ரிட்டென்ஷன் போதவில்லை. 80-க்கு மேலே போனபிறகுதான் உருகுகிறது என்றால் கீட்டோன். ஸ்டியரோன் 88 டிகிரியை ஒட்டி உருகும். உருகாமலே கருகினால் ஸ்டார்ச்சும் நார்த்தூளும். ஓர் எச்சரிக்கை: பழைய பெட்டியில் பாரஃபின் மெழுகும் ஹாட்மெல்ட் பசையும் வரும், அவையும் கீழ் வெப்பத்தில் இளகும். சந்தேகம் வந்தால் அருகிலுள்ள கல்லூரியில் ஐஆர் (அகச்சிவப்பு நிறமாலை) எடுங்கள். 1850 cm⁻¹-ஐ ஒட்டி முகடு இருந்தால் கெடாத ஏகேடி. அது மறைந்து 1700 பக்கம் மட்டும் இருந்தால் கீட்டோன்.

சேலம்_ஸ்டார்ச்

இழையைத் தொடர்ந்து படிக்கிறேன். ஸ்டார்ச் பற்றிச் சொல்ல என்னிடம் கொஞ்சம் இருக்கிறது.

எமல்ஷனின் போர்வை ஸ்டார்ச்தான் என்றால், எந்த ஸ்டார்ச், எப்படி வெந்தது என்பதே பாதி வேலை. மக்காச்சோள ஸ்டார்ச்சில் அமைலோஸ் கால் பங்குக்கு மேல். மரவள்ளியில் 17 சதவீதம் அளவு. அமைலோஸ் ஆறும்போது ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு திரும்பக் கெட்டியாகும்; திரிந்த பால்போலச் சிறு துணுக்குகள் வரும். அந்தத் துணுக்கு எமல்ஷன் துகள்களைக் கொத்தாக இழுத்துக்கொள்ளும். மரவள்ளியில் இந்தத் தொல்லை குறைவு, புரதமும் கொழுப்பும் குறைவு, பசை தெளிவாக இருக்கும். சேலம், நாமக்கல் பக்கத்து மரவள்ளியைக் கேட்டயானிக்காக மாற்றி எமல்ஷனுக்குப் பயன்படுத்துவது நல்ல வழி என்பது என் உறுதியான கருத்து. வியாபாரத்துக்காக இதைச் சொல்லவில்லை.

வேகவைப்பதுதான் எல்லோரும் சறுக்கும் இடம். 90 முதல் 95 டிகிரியில் 20, 30 நிமிடம் நிற்க வேண்டும். நீராவி குறைந்த ஷிஃப்டில் 80-லேயே இறக்கிவிடுவார்கள். பாதி வெந்த மணிகள் அப்படியே தங்கும். அயோடின் சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உப்பிய மணிகள் தனித்தனியாக நீலமாகத் தெரியும். சரியாக வெந்ததில் தனி மணியே இருக்கக்கூடாது. வெந்த ஸ்டார்ச்சை இரவு முழுக்க வைத்துக் காலையில் பயன்படுத்தவும் கூடாது. கோடையில் அது பாக்டீரியாவுக்கு விருந்து.

புதுக்கோட்டை_மாணவி

நான் வேதிப்பொறியியல் இறுதியாண்டு. ஏஎஸ்ஏ பற்றி உடுமலை அண்ணா கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே? ரோசினும் (மரப்பிசின்) படிகாரமும் இன்னும் ஓடுகிறதே, அதற்குத் திரும்ப முடியாதா?

கூழ்_சீனியர்

ரோசினுக்கு முதலில் பதில் சொல்கிறேன்மா. 1807-ல் ஜெர்மனியின் எர்பாக்கில் மோரிட்ஸ் ஃபிரீட்ரிக் இல்லிக் ரோசினையும் படிகாரத்தையும் கூழிலேயே கலந்து தாளைத் தண்ணீர் தாங்கச் செய்யும் முறையை வெளியிட்டார். அதற்கு முன் செய்த தாளை ஒவ்வொன்றாக ஜெலட்டினில் முக்கி எடுப்பார்கள். ஒன்றரை நூற்றாண்டு அந்த முறைதான் உலகை ஆண்டது. ஆனால் அதற்குப் பிஎச் 4.5 வேண்டும். அந்த அமிலம்தான் நூலகங்களில் பழைய புத்தகங்கள் மஞ்சளாகி நொறுங்கியதற்கு ஒரு பெரிய காரணம். பழைய பெட்டிக் கூழில் கால்சியம் கார்பனேட் இருப்பதால் படிகாரம் அதோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும், நுரையும் பொங்கும். இன்று திரும்புவதென்றால் சோப்பு ரோசினுக்குத் திரும்ப முடியாது. நுண்துகளாக்கிய கேட்டயானிக் ரோசின் எமல்ஷனைப் பிஏசி-யோடு (பாலி அலுமினியம் குளோரைடு) சேர்த்து 6.5, 7 பிஎச்சில் ஓட்டலாம். கிராஃப்ட்டில் அப்படி ஓட்டுகிறவர்கள் உண்டு. பிடித்த உடனே வேலை செய்யும் என்பது அதன் பலம்; அளவு கூடுதலாகச் செல்லும் என்பது செலவு.

ஏஎஸ்ஏ-வை ரசாயனி சொல்லட்டும்.

எமல்ஷன்_ரசாயனி

ஏஎஸ்ஏ திரவம். உருக்க வேண்டாம், டிரையரிலேயே முழுப் பலன் தரும், ரீல் முதிரக் காத்திருக்க வேண்டாம். ஏகேடியைவிடப் பல மடங்கு வேகமாக நாரோடு வினைபுரியும். அதே வேகத்தில் தண்ணீரோடும் வினைபுரியும். அதனால் பீப்பாயில் எமல்ஷனாக வராது. எண்ணெயாக வரும், மில்லிலேயே எமல்ஷனாக்கி அப்போதே ஊற்ற வேண்டும். ஒரு பங்கு ஏஎஸ்ஏ-வுக்கு 2 முதல் 4 பங்கு கேட்டயானிக் ஸ்டார்ச், பிஎச்சை 4 பக்கம் இறக்கி, ஆறவைத்த ஸ்டார்ச்சில் அடிக்க வேண்டும். தேங்கி நின்றால் போச்சு.

உங்கள் மில்லுக்கு நான் சொல்ல மாட்டேன். காரணம் கால்சியம். கெட்டுப்போன ஏஎஸ்ஏ இரட்டை அமிலமாகிறது. கால்சியத்தோடு சேர்ந்தால் ஒட்டும் பிசினாகும். அக்கா சொன்ன தண்ணீரில் கரைந்த கால்சியம் நிறைய. அந்தப் பிசின் பிரஸ் ரோலில் ஏறினால் ஏகேடி பிசுக்கு எவ்வளவோ தேவலாம் என்று தோன்றும். தண்ணீரைச் சரிசெய்த பிறகு வேண்டுமானால் யோசிக்கலாம்.

மாணவிக்கு ஒரு குறிப்பு. இந்த நீராற்பகுப்பைத் தடுக்க ஸ்டார்ச்சுக்குப் பதிலாகத் திடத்துகள்களாலேயே துளியைப் போர்த்தும் பிக்கரிங் எமல்ஷன் ஆய்வுகள் நடக்கின்றன. மான்ட்மோரிலோனைட், லேப்போனைட் போன்ற களிமண் தகடுகள் துளியைச் சுற்றி ஓடுபோல நின்று தண்ணீரைத் தள்ளி வைக்கும். சீன ஆய்வுக்குழுக்கள் ஏஎஸ்ஏ-வில் இதை நிறையச் செய்திருக்கிறார்கள். துளி உடைந்து பரவ வேண்டிய நேரத்தில் அந்த ஓடு தடையாகக் கூடாது என்பதுதான் அதிலுள்ள சிக்கல். புராஜெக்ட்டுக்கு எடுத்துக்கொள்ள அருமையான தலைப்பு. ஆய்வகத்துத் தூய நாரில் செய்யாமல் ஒரு கிராஃப்ட் மில்லின் பேக் வாட்டரை வாங்கி வந்து அதில் செய்து பாருங்கள்.

காகிதக்குவளை

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பூசிய குவளைகளுக்குத் தடை. ஏகேடி மட்டும் வைத்துத் தேநீர்க் குவளை செய்ய முடியுமா?

கூழ்_சீனியர்

முடியாது. ஏகேடி, ஏஎஸ்ஏ எல்லாம் தண்ணீர் உள்ளே போவதைத் தாமதப்படுத்தும், துளையை அடைப்பதில்லை. சூடான தேநீரை ஏந்தி நிற்க மேலே ஒரு தொடர் படலம் வேண்டும். அதற்கு நீர்வழிப் பூச்சு எமல்ஷன்கள் தனி வகை, அவற்றைத் தனி இழையில் பேசுவோம். ஆனால் குவளை அட்டைக்கும் உள்ளே நல்ல ஏகேடி கட்டாயம். வெட்டிய ஓரம் வழியாகத் தேநீர் ஏறாமல் காப்பது அதுதான்.

உடுமலை_கிராஃப்ட்

செய்ததைச் சொல்கிறேன். ஹாட் பிளேட்டில் பிசுக்கின் பெரும்பகுதி 80-க்கு மேல்தான் உருகியது. கொஞ்சம் மட்டும் முன்பே இளகியது. பீப்பாய்களைத் தகரக் கிடங்கிலிருந்து பழைய மோட்டார் அறைக்கு மாற்றினோம், கனமான சுவர், உள்ளே 30-ஐ ஒட்டி நிற்கிறது. மாதச் சரக்கை ஒரே லோடாக எடுக்காமல் வாரத்துக்கு வாரம், தயாரித்த தேதி பார்த்து எடுக்கிறோம். டி90 கேட்டதும் சப்ளையர் கொஞ்சம் தயங்கினார், பிறகு அனுப்பினார்.

தண்ணீர்ப் பக்கம் செஸ்ட்டின் செத்த மூலையைக் கழுவி, பயோசைடு (கிருமிக்கொல்லி) போடும் நேரத்தை மாற்றினோம். பிஏசி-யை ஏகேடிக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டிருந்தார்கள். அதை முன்னால், கெட்டிக் கூழுக்குக் கொண்டுபோனோம். டோஸைக் கூட்டவே இல்லை. இப்போது காப் 34-க்கும் 40-க்கும் நடுவே நிற்கிறது. வைகாசிக்கு இது எங்களுக்குப் பெரிய விஷயம்.

இரண்டு சந்தேகம். ஏகேடியை மெஷின் செஸ்ட்டில் போடுகிறோம், ஃபேன் பம்ப் (நீர்த்த கூழை மெஷினுக்குத் தள்ளும் பம்ப்) பக்கம் மாற்றலாமா? சூடுகாட்டினால் இன்னும் 8 புள்ளி இறங்குகிறது, அதை மெஷினிலேயே வாங்க முடியுமா?

நீர்க்கணக்கு

நல்ல செய்தி தம்பி. எமல்ஷனை எந்தத் தண்ணீரில் கரைத்து ஊற்றுகிறீர்கள் என்று சொல்லவில்லையே. பேக் வாட்டரிலோ கடினமான போர்வெல் தண்ணீரிலோ கரைக்க வேண்டாம். மென்மையாக்கிய குளிர்ந்த தண்ணீர், அதுவும் ஊற்றும் இடத்துக்கு முன்னால் குழாயிலேயே கலக்கும்படி. கரைத்துத் தொட்டியில் வைப்பது, முன்பு தகரக் கிடங்கில் நடந்ததைத் திரும்பத் தொட்டியில் நடத்துவது.

பிஏசி அளவையும் கவனியுங்கள். கூடினால் ஆல்கலினிட்டி இறங்கும். ஏகேடிக்குப் பைகார்பனேட் வேண்டும். பிஎச் 7-க்குக் கீழே போனால் அது சோம்பிவிடும்.

கூழ்_சீனியர்

செஸ்ட்டிலிருந்து மாற்றுங்கள். அங்கே ஊற்றினால் ஏகேடி வெந்நீரில் வெகுநேரம் சுற்றுகிறது. ஆனால் ஹெட்பாக்ஸுக்கு (கூழை வயரில் விடும் பெட்டி) மிக அருகிலும் வேண்டாம். பரவலாகக் கலக்க நேரம் போதாது. ஃபேன் பம்ப் உறிஞ்சும் பக்கம் போடுங்கள், பம்பே கலக்கிவிடும். ரிட்டென்ஷன் பாலிமர் ஸ்கிரீனுக்குப் பிறகு. எமல்ஷனை ஏற்றும் பம்ப் எது? மையவிலக்கு பம்பில் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டால் துகள் உடைந்து ஒட்டிக்கொள்ளும். டயஃப்ரம் பம்போ ஸ்க்ரூ பம்போ போதும், சுற்றல் வேண்டாம்.

மீதி 8 புள்ளிக்கு முன் டிரையர்களின் நீராவியைப் பாருங்கள். ஷீட் ஈரமாக இருக்கும்வரை ஏகேடி பரவாது. ரீலுக்கு வரும்போது தாள் சூடாக இருந்தால் ரீலுக்குள்ளேயே முதிர்ச்சி தொடரும். கூலிங் சிலிண்டரில் உடனே குளிர்விக்காதீர்கள்.

எமல்ஷன்_ரசாயனி

அதோடு புரொமோட்டர். பிஏஇ பிசினோ பாலிடாட்மாக்கோ (இரண்டும் நேர் மின்னேற்றப் பாலிமர்கள்) உள்ளடங்கிய ஏகேடி எமல்ஷன் கிடைக்கிறது, வேகமாகப் பிடிக்கும். பிஏஇ என்றால் அளவைக் கட்டுக்குள் வையுங்கள், இல்லாவிட்டால் உங்கள் சொந்தக் கழிவுத்தாளே கூழாகக் கரையாது. பாலிடாட்மாக் கூடினால் நாரின் மின்னேற்றமே திரும்பிவிடும், ஏகேடி நாரை விட்டு விலகும். சிறு அளவில் தொடங்கி, கண்டக்டிவிட்டி லாக்கைப் பார்த்துக்கொண்டே ஏற்றுங்கள்.

அச்சுமேடை_சிவகாசி

ஒன்று கேட்க வேண்டும். சென்ற மாதம் வாங்கிய தாளில் பெட்டிகளை அடுக்கினால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகிறது. அதுவும் இந்த ஏகேடியாலா?

எமல்ஷன்_ரசாயனி

பெரும்பாலும் ஆம். பிடிபடாமல் மிஞ்சிய ஏகேடியும் கீட்டோனும் மெழுகாகத் தாளின் மேற்பரப்புக்கு வந்துவிட்டால் உராய்வு குறையும். டோஸைக் கூட்டிக் கூட்டி ஓட்டிய காலத்துத் தாளாக இருக்கும். சாய்தளத்தில் இரண்டு துண்டை வைத்து எந்தக் கோணத்தில் நழுவுகிறது என்று பாருங்கள்; அந்தக் கோணத்தை வாங்கும் ஆர்டரிலேயே காப் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். காப் 35-ல் நின்று கோணமும் நன்றாக இருந்தால் மில்லில் ஏகேடி நாரில் பிடிக்கிறது. காப் நன்றாக இருந்தும் தாள் வழுக்கினால், உடுமலை தம்பி டோஸைப் படிப்படியாக இறக்கிப் பார்க்கலாம். ரிட்டென்ஷன் சரியான பிறகு பழைய டோஸே கூடுதலாகத்தான் இருக்கும்.